சிப்பாய்களின் காசில் எழுந்த நர்ஸ் பள்ளிக்கூடம்

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கு ஒரு பயம் உண்டு. கட்டு மாற்ற வருகிறவள் கை தேர்ந்தவளா, கற்றுக்கொள்ள வந்தவளா என்பதுதான் அந்தப் பயம். வந்தவள் பயிற்சி நர்ஸ் என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் திக்கென்று ஆகும். பாடம் படிக்க நம் உடம்புதானா கிடைத்தது என்று தோன்றும்.

நாலு நாள் கழித்து அதே நோயாளி வேறு விதமாகப் பேசுவதும் உண்டு. பெரிய நர்சுக்கு நூறு வேலை. நின்று பேச நேரம் இல்லை. தலையணையைச் சரி செய்தவள், வாய்க்குத் தண்ணீர் கொடுத்தவள், இரவு தூக்கம் வந்ததா என்று விசாரித்தவள் எல்லாம் அந்தச் சின்னப் பெண்தான் என்பார்.

பயிற்சி நர்சின் கையில் நோயாளி பத்திரமாக இருக்க வேண்டும். மனநிறைவோடும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுக்க ஆசைப்பட்டவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பாடப் புத்தகத்தில் அவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். விளக்கு ஏந்திய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையின் பயனாக ஒரு பள்ளிக்கூடம் எழுந்ததும், அதை நடத்த அந்த அம்மையார் பட்ட பாடும் பலருக்குத் தெரியாது.

சீமான் வீட்டுப் பெண்

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலி நாட்டிலுள்ள புளோரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள், பெரும் செல்வர்கள். தந்தை வில்லியம் நைட்டிங்கேல் நன்றாகப் படித்தவர். மகளுக்கு அவரே கிரேக்கமும் லத்தீனும் கற்றுக் கொடுத்தார்.

16 வயதில், ஆண்டவன் தன்னைத் தொண்டுக்கு அழைப்பதாக அந்தப் பெண் உணர்ந்தாள். எந்தத் தொண்டு என்பது தெரியவில்லை. நோயாளிகளைக் கவனிக்கும் தொண்டுதான் என்று தெளிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

1845-ல், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சாலிஸ்பரி ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் வேலை பழக அனுமதி கேட்டாள். வீடே கொந்தளித்தது. தாயார் அழுதார். தமக்கை மயங்கி விழாத குறைதான்.

அவர்கள் அப்படிப் பதறியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் மரியாதை இல்லை. வேறு பிழைப்புக்கு வழி இல்லாத பெண்கள்தான் அந்த வேலைக்கு வருவார்கள் என்பது பேச்சு. குடிப்பவர்கள் என்ற கெட்ட பெயரும் சேர்ந்திருந்தது. வேலையைச் சொல்லிக் கொடுக்க முறையான பள்ளி இல்லை. வார்டில் நுழைந்து, தட்டித் தடுமாறி, நோயாளியின் உடம்பிலேயே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல இடத்தில் வந்த கல்யாணத்தையும் புளோரன்ஸ் வேண்டாம் என்று தள்ளினார். ஆண்டுகள் உருண்டன. பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

தாமே பயிற்சி நர்ஸ்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற சிற்றூர். அங்கே பிளீட்னர் என்ற பாதிரியார் ஆஸ்பத்திரியும் அநாதைகள் இல்லமும் நடத்தி வந்தார். தொண்டு செய்ய வந்த பெண்களுக்கு நோயாளிகளைக் கவனிக்கும் வேலையைப் பழக்கினார்.

1850-ல் புளோரன்ஸ் அங்கே சில நாள் தங்கிப் பார்த்தார். மறு ஆண்டு மீண்டும் போய் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 31. வேலைக்காரர்கள் சூழ வளர்ந்த பெண் விடியற்காலையில் எழுந்து, எளிய உணவை உண்டு, வார்டில் நின்றார். ரண சிகிச்சையைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

அங்கே கற்ற நர்ஸ் வேலை அவருக்குத் திருப்தி தரவில்லை. சுத்தமும் போதவில்லை என்று பிற்காலத்தில் எழுதினார். ஆனால் அங்கிருந்த பெண்களின் மனப்பான்மை அவரைக் கவர்ந்தது. அன்பு இருக்கிறது, வித்தை போதவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். பிற்காலத்தில் அவர் கட்டிய பள்ளிக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

மணி அடித்தால் யார் வருவது?

1853-ல் லண்டன் ஹார்லி தெருவில், வசதி குறைந்த கௌரவமான குடும்பத்துப் பெண்களுக்கான சிறிய ஆஸ்பத்திரிக்கு அவர் தலைவியானார். சம்பளம் வாங்கவில்லை. தந்தை ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்து வந்தார்.

அங்கே அவர் முதலில் செய்த மாறுதல்கள் சின்னச் சின்ன மாறுதல்கள். வெந்நீர் குழாய் வழியாக எல்லா மாடிகளுக்கும் வர வேண்டும் என்றார். சாப்பாட்டை மேலே ஏற்றுவதற்குக் கப்பிப் பெட்டி வேண்டும் என்றார். நோயாளி மணியை இழுத்தால், இழுத்தவர் யார் என்பது நர்சுக்கு உடனே தெரியும்படி அடையாளம் விழ வேண்டும் என்றார்.

மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே நர்சின் நாள் கழிந்துவிட்டால், நோயாளியின் அருகில் இருக்க நேரம் ஏது? மணி அடித்தும் யாரும் வராவிட்டால் நோயாளியின் மனம் என்ன பாடுபடும்? இதைத்தான் அவர் யோசித்தார்.

எந்த மதத்து நோயாளியானாலும் சேர்க்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவோடு வாதாடி வெற்றியும் பெற்றார்.

ஸ்குட்டாரி நரகம்

1854-ல் ருஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து கிரிமியாவில் போரிட்டன. அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, துருக்கியிலுள்ள ஸ்குட்டாரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இருந்த பிரம்மாண்டமான பட்டாளக் குடியிருப்பு ஆஸ்பத்திரியாக மாறியிருந்தது. அங்குள்ள அவல நிலையை லண்டன் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டதும் நாடு கொதித்தது.

யுத்த இலாகாவில் மந்திரியாக இருந்த சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலின் நண்பர். அவருடைய வேண்டுகோளின்படி 38 பெண்களுடன் நைட்டிங்கேல் புறப்பட்டார். நவம்பர் 4-ந் தேதி ஸ்குட்டாரி சேர்ந்தார். அந்த 38 பேரில் 24 பேர் கன்னியாஸ்திரீகளும் மதத் தொண்டர்களும்; 14 பேர் ஆஸ்பத்திரி நர்சுகள். அன்புள்ள சிலருக்கு வேலை தெரியவில்லை. வேலை தெரிந்த சிலருக்கு ஒழுங்கு இல்லை. குடித்ததற்காகச் சிலரைத் திருப்பி அனுப்பவும் நேர்ந்தது.

முதலில் டாக்டர்கள் பெண்களை வார்டுக்குள் விடவே தயங்கினார்கள். போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குவிந்ததும் கதவு தானாகத் திறந்தது.

நைட்டிங்கேல் துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்குத் தனிச் சமையல் ஏற்படுத்தினார். சாகும் சிப்பாய்களுக்காக அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். சம்பளப் பணத்தை ஊருக்கு அனுப்ப வழி செய்தார். இரவில் கையில் விளக்கோடு நீண்ட நடைகளைச் சுற்றி வந்தார். அவர் நிழல் தங்கள் படுக்கைமேல் விழுந்தாலே போதும் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள்.

நிழலும் சாக்கடையும்

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மையார் வந்த பிறகும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் சாவு விகிதம் நூற்றுக்கு 42-க்கு மேல் போயிற்று. காயத்தால் செத்தவர்களைவிடக் காலரா, பேதி, விஷக் காய்ச்சல் போன்ற நோய்களால் செத்தவர்களே அதிகம்.

கட்டடத்தின் அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. குடிதண்ணீர் கெட்டிருந்தது. காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்து சாக்கடையைக் கழுவிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூன் மாதத்துக்குள் சாவு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது.

போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் இந்த உண்மை முழுவதும் அவருக்கு விளங்கியது. சிப்பாய்கள் அவரை வாழ்த்திக்கொண்டே செத்திருக்கிறார்கள்! நோயாளியின் மனம் நிறைந்தால் மட்டும் போதாது, உயிரும் நிலைக்க வேண்டும் என்ற பாடத்தை இப்படித்தான் அவர் கற்றார். பிறகு அவர் நர்சுகளுக்குக் கற்பித்ததில் எல்லாம் இந்தப் பாடம் ஊடாடி நின்றது.

ஒரு நாள் சம்பளம்

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1855 நவம்பரில், லண்டனில் பெரியதொரு கூட்டம் கூடியது. நைட்டிங்கேலுக்கு நாட்டின் நன்றியைக் காட்ட நிதி திரட்டுவது, அதைக் கொண்டு நர்சுகளுக்குப் பயிற்சி தருவது என்று முடிவாயிற்று.

சீமான்களும் சீமாட்டிகளும் கொடுத்தார்கள். பட்டாளத்துச் சிப்பாய்களும் கொடுத்தார்கள். ஒரு நாள் சம்பளத்தைத் தரும்படி அவர்களிடம் கேட்டார்கள். அப்படிப் பட்டாளத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 9,000 பவுன் சேர்ந்தது. மொத்த நிதி ஏறத்தாழ 45,000 பவுன்.

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களும், தோழர்கள் படுத்திருந்ததைப் பார்த்தவர்களும் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து கொடுத்த காசு அது. உலகத்தில் எத்தனையோ பள்ளிகள் அரசர் தயவாலும் வியாபாரிகள் தயவாலும் எழுந்திருக்கின்றன. இந்தப் பள்ளியின் அஸ்திவாரத்தில் நோயாளிகளின் காசும் கிடந்தது.

கிரிமியாவில் பிடித்த காய்ச்சல் அம்மையாரின் உடம்பைக் கெடுத்துவிட்டது. 1857-க்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். படுக்கையில் கிடந்தபடியே அறிக்கைகள் எழுதினார். மந்திரிகளை வரவழைத்துப் பேசினார். நோயாளியின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர் இப்போது சொந்த அனுபவத்தால் அறிந்தார்.

லண்டனில் பிறந்த பள்ளி

நர்சுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் மூத்த ரண சிகிச்சை டாக்டர் ஜான் பிளின்ட் சவுத் என்பவர் 1857-ல் ஒரு பிரசுரமே வெளியிட்டார். நர்ஸ் வீட்டு வேலைக்காரியைப் போன்றவள். அவளுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

அவர் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில்தான் 1860-ல் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியது! அங்கே மேட்ரனாக இருந்த வார்ட்ரோப்பர் அம்மையாரின் திறமையில் நைட்டிங்கேலுக்கு நம்பிக்கை இருந்தது.

முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 15 பேர். பயிற்சிக் காலம் ஓராண்டு. தங்க இடம், சாப்பாடு, பழுப்பு நிற உடை, வெள்ளை முன்றானைத் துணி, வெள்ளைத் தொப்பி எல்லாம் பள்ளியே கொடுத்தது. கைச்செலவுக்கு 10 பவுன். ஒவ்வொரு வார்டிலும் அங்கே தலைமை நர்சாக இருப்பவரின் கண்காணிப்பில்தான் வேலை பழக வேண்டும். நோயாளியைக் கற்றுக்குட்டியிடம் தனியே விட்டுவிட்டுப் போவது அம்மையாரின் திட்டத்தில் இல்லை.

ஒவ்வொருத்தியைப் பற்றியும் மாதந்தோறும் மேட்ரன் ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்று குணம், மற்றொன்று வேலை.

குணத்துக்கு ஐந்து தலைப்புகள். நேரம் தவறாமை, சத்தம் போடாமை, நம்பத் தகுந்த தன்மை, உடலிலும் உடையிலும் சுத்தம், வார்டை ஒழுங்காக வைத்திருக்கும் திறமை என்பவை அவை. வேலைக்குப் பதினான்கு தலைப்புகள். புண்ணுக்குக் கட்டுப் போடுதல், அட்டை விடுதல், எனிமா கொடுத்தல், படுக்கை விரித்தல், நோயாளிக்குப் பத்தியம் சமைத்தல், அறையில் நல்ல காற்று வரச் செய்தல், நோயாளியைக் கூர்ந்து கவனித்தல் என்று அது நீண்டது. மிக நன்று என்பதில் தொடங்கி, பூஜ்யம் வரை ஐந்து படிகளில் குறி போடுவார்கள்.

சத்தம் போடாமைக்கு ஒரு மதிப்பெண்! இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். படுக்கையில் கிடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நோயாளியின் பக்கம் நின்ற புத்தகம்

அதே 1860-ன் தொடக்கத்தில் அம்மையார் நர்ஸ் வேலை பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் பெண்களுக்காக எழுதியது. பயிற்சி நர்சுகளும் அதைப் படித்தார்கள். முதல் மாதத்திலேயே 15,000 பிரதிகள் விற்றன.

அந்தப் புத்தகத்தைப் படித்தால், எழுதியவர் நோயாளியின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு எழுதியது போல் இருக்கும். அதில் வரும் சில விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நல்ல காற்று. வெளியே உள்ள காற்று எவ்வளவு சுத்தமோ, அவ்வளவு சுத்தமான காற்று அறைக்குள்ளும் வேண்டும். நோயாளிக்குக் குளிரவும் கூடாது.

இரண்டாவது, சத்தம். அவசியமில்லாத சத்தம் நோயாளியைக் கொல்லும். நர்சின் உடை சரசரக்கக் கூடாது. கதவுக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசவே கூடாது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நோயாளி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். தூங்கத் தொடங்கிய நோயாளியை எழுப்பிவிட்டால் பிறகு தூக்கம் வருவது கடினம்.

மூன்றாவது, பேசும் முறை. நோயாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றோ, வாசலில் நின்றோ, நடந்துகொண்டோ பேசக் கூடாது. அவர் தலையைத் திருப்பாமலே பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். கட்டிலில் சாய்வதும், அதை இடித்து ஆட்டுவதும் பெரிய கொடுமை.

நான்காவது, சாப்பாடு. நோயாளி எந்த நேரத்தில் உண்ண முடியும் என்று பார்த்து, அந்த நேரத்தில் கொடுக்க வேண்டும். சாப்பிடாத உணவைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. கோப்பையிலிருந்து தட்டில் சிந்தியதைத் துடைக்காமல் கொடுத்தால், அவர் தூக்கிக் குடிக்கும்போது சொட்டுச் சொட்டாக உடையிலும் படுக்கையிலும் விழும். சிந்தாமல் கொடுப்பதும் நர்ஸ் வேலைதான்.

ஐந்தாவது, பொய் ஆறுதல். ஒன்றும் இல்லை, சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டு நோயாளிக்கு அலுப்புதான் மிஞ்சும். அதைவிட நிறமான பூங்கொத்து ஒன்றும், ஜன்னல் வழியே கொஞ்சம் வெளிக்காட்சியும் அவருக்கு அதிகத் தெம்பு தரும்.

இன்னொன்று மிகவும் முக்கியமானது. இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டால், நோயாளி ஏதோ ஒரு பதில் சொல்வார். எப்போதும் பத்து மணி நேரம் தூங்குகிறவருக்கு ஏழு மணி நேரத் தூக்கமும் குறைதான். தூக்கமே வராதவருக்கு மூன்று மணி நேரமும் பாக்கியம்தான். ஆகையால் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எந்த நேரத்தில் தூங்கினீர்கள் என்று கேட்க வேண்டும் என்று அம்மையார் கற்பித்தார்.

இன்று ஆஸ்பத்திரிகளில், கவனிப்பு உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டுத் தாள் கொடுக்கிறார்கள். திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளி வீட்டுக்குப் போகிறார். மணி அடித்து எத்தனை நிமிஷம் கழித்து வந்தார்கள், வலி என்று சொன்னதும் என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். நைட்டிங்கேல் காட்டிய வழியும் அதுதான்.

மூடிய வார்டு

அம்மையாரின் மனவுறுதியைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு.

பிரசவம் பார்க்கும் நர்சுகளுக்குப் பயிற்சி தருவதற்காக, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அவருடைய நிதியின் உதவியோடு ஒரு பிரசவ வார்டு நடந்தது. கிராமங்களில் ஏழைத் தாய்மார்களுக்கு உதவப் பயிற்சி பெற்ற பெண்கள் கிடைப்பார்கள் என்பது ஆசை.

ஆனால் அந்த வார்டில் பிரசவ ஜுரம் புகுந்தது. தாய்மார்கள் இறந்தார்கள். 1867-ல் வார்டை மூடிவிட்டார்கள்.

அம்மையார் அதோடு விடவில்லை. பல நாட்டுப் பிரசவ ஆஸ்பத்திரிகளின் கணக்குகளைத் திரட்டினார். அந்தக் காலத்தில், ஆஸ்பத்திரிப் பிரசவத்தைவிட வீட்டுப் பிரசவமே தாய்க்கு ஆபத்துக் குறைவு என்று அந்தக் கணக்குகள் காட்டின. 1871-ல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். தம்முடைய சொந்தத் திட்டம் தோற்றதை மறைக்கவில்லை. மாணவிகள் படிக்க வேண்டும் என்பதற்காகத் தாய்மார்கள் உயிரைக் கொடுக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஏழைகளின் ஆஸ்பத்திரி

லிவர்பூல் நகரில் கதியற்ற ஏழைகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் கிடந்தார்கள். அவர்களைக் கவனித்தவர்களும் அதே விடுதியில் தங்கியிருந்த ஏழைப் பெண்கள்தான். பயிற்சி கிடையாது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துச் சீட்டில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவார்கள்?

வில்லியம் ராத்போன் என்ற கனவான் இதைக் கண்டு மனம் கசிந்தார். மூன்றாண்டுச் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். நைட்டிங்கேலின் உதவியைக் கேட்டார்.

1865 மே மாதத்தில் 12 நர்சுகள் அங்கே வேலை ஏற்றார்கள். அவர்களுக்குத் தலைவி ஆக்னஸ் ஜோன்ஸ். நைட்டிங்கேல் பள்ளியில் படித்த பெண். அழுக்கும் குடியும் சண்டையும் நிறைந்த இடத்தில் அவள் ஓயாமல் உழைத்தாள். புதிய பெண்களுக்கு வேலையும் பழக்கினாள். பணக்காரன் வீட்டு நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பு கதியற்ற ஏழைக்கும் கிடைக்க முடியும் என்பது அங்கே தெரிந்தது. அதன்பிறகு மற்ற ஊர்களின் ஏழை விடுதிகளும் பயிற்சி பெற்ற நர்சுகளைத் தேடத் தொடங்கின.

1868-ல் விஷக் காய்ச்சல் ஆக்னஸ் ஜோன்சைக் கொண்டுபோயிற்று. அவளுக்கு வயது 35. நைட்டிங்கேல் தம் மாணவியின் நினைவாக உருக்கமான கட்டுரை ஒன்று எழுதினார்.

பள்ளியில் ஓட்டை

பெயர் பரவியது. பல ஆஸ்பத்திரிகள் நைட்டிங்கேல் நர்சுகளைக் கேட்டன. 1868-ல் லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து நர்சுகளோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். புகழ் இப்படி ஓங்கிய நேரத்தில்தான், பள்ளிக்குள்ளேயே ஓட்டை இருப்பது அம்மையாருக்குத் தெரிந்தது.

1871-ல் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி தேம்ஸ் நதிக்கரையில் புதிய, பெரிய கட்டடத்துக்கு மாறியது. படுக்கைகள் பெருகின, வேலையும் பெருகியது. அம்மையார் பயிற்சி நர்சுகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து விசாரித்தார். பாடம் நடத்த வேண்டியவர்கள் சரியாக நடத்தவில்லை. பயிற்சிப் பெண்களை வார்டு வேலைக்கு ஆளாக மட்டும் பயன்படுத்திக் கொண்டிருந்தார்கள்.

வார்டு நடந்துகொண்டுதான் இருந்தது. நோயாளிகளுக்குச் சாப்பாடும் மருந்தும் கிடைத்தன. ஆனால் ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிற பெண், வழக்கமான நாளில் சமாளிப்பாள்; ஆபத்தான இரவில் திகைத்து நிற்பாள். அன்றைக்கு நஷ்டம் நோயாளிக்குத்தான்.

அம்மையார் திருத்த வேலையில் இறங்கினார். ஜான் கிராப்ட் என்ற டாக்டர் முறையான பாடங்களை நடத்த வந்தார். மாணவிகளோடு விடுதியில் இருந்து பாடத்தை விளக்கவும், அவர்களைக் கவனிக்கவும் தனி அதிகாரி ஒருத்தி நியமிக்கப்பட்டாள். 1872 முதல் பயிற்சி நர்சுகளுக்கு அம்மையாரே நீண்ட புத்திமதிக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். பள்ளியில் அவற்றைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். களைத்துப்போன பெண்ணைத் தேநீருக்கு அழைப்பார். பூவும் பழமும் கொடுத்து அனுப்புவார். தன்னைக் கவனிக்க ஆள் இல்லாத பெண், நோயாளியை எப்படிக் கவனிப்பாள் என்பது அவருடைய எண்ணம்.

பரீட்சையால் அளக்க முடியுமா?

அவர் சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. 1887-க்குப் பிறகு, பரீட்சையில் தேறியவர்களை மட்டும் நர்சுகளாகச் சட்டப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு கிளர்ச்சி எழுந்தது. அம்மையார் அதை எதிர்த்தார். பொறுமையையும் பரிவையும் பரீட்சைத் தாளில் அளக்க முடியாது என்பது அவர் வாதம்.

நாடு வேறு வழியில் போயிற்று. 1919-ல் பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. இன்று பல நாடுகளில் நர்சுக்குப் பரீட்சை உண்டு, அது நல்லதுதான். மருந்தின் அளவு தெரியாத பரிவு ஆபத்தானது என்பதை ஸ்குட்டாரியின் கதையே சொல்லும். ஆனாலும் அம்மையார் எழுப்பிய கேள்வி சாகவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த பெண்ணின் கை நோயாளிக்கு இதமாக இருக்குமா என்பதைப் படுக்கையில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

இந்தியாவுக்கு வராமலே

அம்மையார் இந்தியாவில் கால் வைத்தது இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக நம் நாட்டைப் பற்றி எழுதினார். இங்கிருந்த பட்டாளத்தின் சுகாதாரம் பற்றிய ராயல் கமிஷனின் அறிக்கை 1863-ல் வெளிவந்தது. அதில் அவருடைய உழைப்பு பெரும் பங்கு. இந்திய ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலையை அமைப்பது பற்றி 1865-ல் யோசனைகள் எழுதிக் கொடுத்தார். 1870-களில் சென்னை ராஜதானியில் பெரும் பஞ்சம் வந்தபோது, நீர்ப்பாசனம் பெருக வேண்டும் என்று சீமைப் பத்திரிகையில் எழுதி வாதாடினார்.

கடைசி ஊர்வலம்

முதுமையில் கண் பார்வை மங்கி மறைந்தது. 1907-ல் பிரிட்டிஷ் அரசர் அவருக்கு ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயரிய விருதை வழங்கினார். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தமது 90-வது வயதில், லண்டன் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் தொடங்கிய பள்ளி இன்றும் லண்டன் கிங்ஸ் காலேஜில் அவர் பெயரோடு நர்ஸ் படிப்புத் துறையாக நடக்கிறது. அவர் பிறந்த மே 12-ந் தேதியை உலகமெங்கும் நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மன்னர்களும் மகாகவிகளும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. ஆடம்பரம் வேண்டாம் என்பது அம்மையாரின் விருப்பம். ஆகையால் உறவினர்கள் மறுத்துவிட்டார்கள். ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில், பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயர்கூட முழுமையாக இல்லை. இரண்டு எழுத்துக்களும், பிறப்பு, இறப்புக் குறிப்புகளும் மட்டுமே இருக்கின்றன.

சவப் பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் மந்திரிகள் அல்ல; பிரபுக்கள் அல்ல. பிரிட்டிஷ் பட்டாளத்தின் ஆறு சார்ஜன்ட்டுகள்.